மைனஸ் இருபதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பிரின்ஸ் ஜார்ஜ்காரர்கள் தங்கள் ஊரை வடக்கின் தலைநகரம் என்பார்கள். வரைபடத்தில் தேடினால் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் கிட்டத்தட்ட நட்டநடுவில் இருக்கிறது. ஜனங்களில் பெரும்பாலோர் தெற்கே வான்கூவர் பக்கம் குவிந்துவிட்டதால், நடுவில் இருப்பதே வடக்கு ஆகிவிட்டது. வான்கூவரிலிருந்து சாலை வழியே ஏறக்குறைய 800 கிலோமீட்டர். பனிக்காலத்தில் அந்த மலைப்பாதை எதற்கு என்று நான் விமானத்தில் போய் இறங்கினேன்.

அக்கா அங்கே நர்ஸ். மாமா ஒரு லாரி கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். வீட்டு வாசலில் நின்ற காரின் மூக்கிலிருந்து ஒரு மின்வயர் தொங்கியது. "இது என்ன, பேட்டரி காரா மாமா?" என்று கேட்டேன். "இல்லைப்பா, எஞ்சினுக்குச் சூடு. ராத்திரி இதைச் சொருகாமல் விட்டால் காலையில் வண்டி கிளம்புமா என்பது அதன் இஷ்டம்" என்றார். சாதாரண பெட்ரோல் கார்தான். எஞ்சின் உறைந்துபோகாமல் இருக்க உள்ளே சின்ன ஹீட்டர் ஒன்று வைத்திருக்கிறார்கள். குளிர் மைனஸ் இருபதைத் தாண்டும் இரவுகளில், படுக்கப்போகும்முன் கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று நாம் பார்ப்பதுபோல் இவர்கள் இந்த வயரைப் பார்க்கிறார்கள்.

2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 76,700. ஃப்ரேசர், நெசாக்கோ ஆறுகள் கூடும் இடத்தில், லெய்ட்லி டென்னே பூர்வகுடிகளின் மண்ணில் ஊர் அமைந்திருக்கிறது. ரயில் வந்தது 1914-இல். அதன்பின் ஊருக்குச் சோறு போட்டதெல்லாம் மரம்தான். இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள் சந்திக்கும் முனையில் 'மிஸ்டர் பி.ஜி.' என்று எட்டு மீட்டர் உயரத்தில் ஒரு மரக்கட்டை மனிதர் நிற்கிறார். கிட்டே போய்ப் பார்த்தால் மரமே இல்லை. முதலில் செய்தது உளுத்துப்போனதால், இப்போதிருப்பது உலோகமும் கண்ணாடியிழையும்!

காற்று திரும்பும் நாட்களில் காகிதக்கூழ் ஆலைகளின் கந்தக வாடை ஊருக்குள் வரும். அழுகிய முட்டை என்றால் சரியாக இருக்கும். முன்பெல்லாம் இதைப் பணத்தின் வாசனை என்பார்களாம். மரம் அறுக்கும் ஆலைகளில் வேலைக்கு வந்த பஞ்சாபிகள் இங்கே குருத்வாராவே கட்டியிருக்கிறார்கள். இப்போது அந்த வருமானம் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஒருவகைச் சின்ன வண்டு, மாகாணம் முழுக்க பைன் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றுவிட்டது. மைனஸ் நாற்பதை ஒட்டிய கடுங்குளிர் சில நாள் தொடர்ந்தால் பட்டைக்குள் இருக்கும் புழுக்கள் செத்துவிடும். அந்தக் குளிர் வருடாவருடம் வராமல் போனதில் வண்டு பெருகியது. விறைத்துக்கொண்டே இதைக் கேட்டபோது, குளிரைத் திட்டும் உரிமை கொஞ்சம் பறிபோன மாதிரி இருந்தது. 2023-இல் ஒரு பெரிய கூழ் ஆலைப் பிரிவும் மூடப்பட்டது.

சரி, இப்படி ஓர் ஊரில் ஏன் இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எனக்குப் பிடிபட்டது. வெளியே மைனஸ் இருபது. நான் போர்வைக்குள் இருந்தேன். அக்கா மகள் பனிச்சறுக்குப் பலகைகளோடு தயாராக நின்றாள். "மாமா, இன்றைக்குப் பனி நன்றாக இருக்கும், எழுந்திருங்கள்" என்றாள். காரில் கொஞ்ச நேரம்தான், ஓட்வே என்ற இடத்தில் காட்டுக்குள் 50 கிலோமீட்டருக்கு மேல் சறுக்குப்பாதை. மாற்றுத்திறனாளிகளுக்கான பனிச்சறுக்கு உலகப்போட்டி 2019-இல் இங்கேதான் நடந்தது. அதே பாதையில் ஒரு பாட்டி என்னைச் சர்ரென்று முந்திக்கொண்டு போனார். பலகையின் அடியில் தேய்க்கும் மெழுகுக்கு நிறநிறமாகக் கட்டிகள் இருக்கின்றன. அன்றைய வெப்பநிலைக்குத் தகுந்த கட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான மெழுகு என்றால் மேட்டில் கால் பின்னாலேயே வழுக்கும். அக்கா மகள் மூக்கை உறிஞ்சிக் குளிரை அளந்து, அதற்கேற்ற கட்டியை எடுத்துத் தேய்த்துத் தந்தாள். வயது பதினொன்று.

இதையெல்லாம் நடத்துவது யார் என்று கேட்டால், பெரும்பாலும் ஊர்க்காரர்களே. சறுக்குப்பாதை ஒரு கிளப்புடையது. ஊரில் 400 மீட்டர் சுற்றளவுள்ள திறந்தவெளிப் பனித்தளம் ஒன்று உண்டு. குளிரான இரவுகளில் தன்னார்வலர்கள் தண்ணீர் விட்டு அடுக்கடுக்காக உறையவைக்கிறார்கள். மாமாவும் போவார். பல்கலைக்கழகமே அப்படித்தான் வந்தது. வடக்கில் தங்களுக்கென்று ஒன்று வேண்டும் என்று 16,000 பேர் ஆளுக்கு ஐந்து டாலர் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். 1994-இல் எலிசபெத் ராணி வந்து திறந்துவைத்தார். மலைமேல் இருக்கும் அந்த வளாகத்தின் பின்புறத்திலேயே காட்டுப் பாதைகள் தொடங்கிவிடுகின்றன. வகுப்பு முடிந்து அப்படியே நடக்கலாம். பெரிய நகரங்களில் வார இறுதிக்குத் திட்டம் போட்டுப் போவதை இவர்கள் வேலை முடிந்த மாலையில் செய்கிறார்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், அதனால் பாதைக்கு விளக்கு. ஜூனிலோ ஒன்பதரை மணிக்கும் வெயில், கூடவே கொசு.

எனக்கு மிகவும் பிடித்தது ஊருக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கும் பழங்காடு. கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே ஒரு மழைக்காடு! மலைச்சரிவில் குவியும் பனி மெதுவாக உருகி, கோடையிலும் அடிவாரத்தை ஈரமாக வைத்திருக்கிறது. ஆயிரம் வருடம் தாண்டிய ரெட் சீடர் (Red Cedar) மரங்கள் அந்த ஈரத்தில் வளர்ந்தவை. வெட்டுவதற்காக இவற்றில் குறியிட்டிருந்ததை 2000-களின் நடுவில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் கண்டுபிடித்தார். உள்ளூர் நடைப்பயணக் குழுவினர் காட்டுக்குள் பாதை போட்டார்கள், சக்கரநாற்காலி போகும் மரப்பலகை நடைபாதையும் அமைத்தார்கள். 2016-இல் மாகாணப் பூங்கா ஆனது. நாங்கள் போனபோது பலகைகளின்மேல் முழங்கால் அளவு பனி. அடிமரத்தில் சாய்ந்து படம் எடுத்தால், மரம் முழுசாகப் படத்துக்குள் வரவே இல்லை.

போகிறவர்களுக்கு ஒன்று: வழியில் நெடுந்தூரம் செல்போன் சிக்னல் கிடையாது. பெட்ரோலை ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள், அந்தச் சாலையில் மூஸ் என்கிற பெரிய மான்கள் குறுக்கே வரும். முதல்முறை போவதென்றால் ஜூலை நல்லது. ஆனால் ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரிதான்.