கரண்ட் வந்த பிறகும் மவுண்ட் ஆகாத யுஎஸ்பி டிஸ்க்

பயாஸில் சொல்லி வைத்திருந்தால், கரண்ட் திரும்பியதும் டெபியன் லினக்ஸ் சர்வர் தானாக எழுந்துவிடும். யுஎஸ்பியில் தொங்கும் டிஸ்க் எழுந்ததா என்பது தனிக் கேள்வி. தனி அடாப்டரும் அழுத்து பட்டனும் உள்ள டிஸ்க் பெட்டிகள் பல, யாராவது பட்டனை அழுத்தும்வரை எழாது. வாங்கும்போதே, போட்ட நிலையில் நிற்கும் சுவிட்ச் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

முதலில், சர்வர் கண்ட டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையை அடியுங்கள். அதில் டிஸ்க்கே இல்லையென்றால் டிஸ்க்கை ஒரு ஃபோல்டரில் இணைக்கும் மவுண்ட் கட்டளையோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. கேபிளையும் அடாப்டரையும் பாருங்கள், பிறகு லினக்ஸின் மையமான கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg). டிஸ்க் இருக்கிறது, ஆனால் எஸ்டிபி (sdb) என்ற அதன் பெயர் இப்போது எஸ்டிசி (sdc) ஆகியிருக்கிறதா? கண்ணில் பட்ட வரிசையில்தான் கர்னல் பெயர் வைக்கும். எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் அந்தப் பெயரை எழுதாமல், பிஎல்கேஐடி (blkid) கட்டளை காட்டும் யுயுஐடி (UUID) என்ற அடையாள எண்ணை எழுதுங்கள்.

அதே வரியில், டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும் என்று சொல்லும் நோஃபெயில் (nofail) கட்டாயம். அது இல்லாவிட்டால் பூட்டை நடத்தும் சிஸ்டம்டி (systemd) 90 விநாடி காத்துப் பார்த்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குள் போய்விடும். தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் கிடைக்காது, மானிட்டரையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். மாற்றி எழுதியபின் சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் (systemctl daemon-reload), அடுத்து ஃபைண்ட்எம்என்டி வெரிஃபை (findmnt --verify), கடைசியாக மவுண்ட் -ஏ (mount -a) அடியுங்கள்.

நோஃபெயிலோடு ஒரு வினையும் வரும். பூட் இனி டிஸ்க்குக்காகக் காத்திருக்காது. டிஸ்க் சுழல ஆரம்பிப்பதற்குள் டாரன்ட்டோ பேக்கப்போ கிளம்பிவிட்டால், டிஸ்க்கை மவுண்ட் செய்ய வைத்த /எம்என்டி/மீடியா (/mnt/media) என்ற வெற்று ஃபோல்டரில், அதாவது சிஸ்டம் இருக்கும் ரூட் டிஸ்க்கில், எழுதித் தள்ளும். பிறகு நீங்கள் டிஸ்க்கை மவுண்ட் செய்ததும் அந்தக் கோப்புகள் அடியில் மறைந்துவிடும். ரூட் நிறைந்துவிட்டது என்று டிஸ்க்கின் மொத்தக் கணக்கைச் சொல்லும் டிஎஃப் (df) சொல்லும், ஃபோல்டர்களை அளக்கும் டியூவுக்கோ (du) எதுவும் அகப்படாது. ரூட்டை வேறொரு ஃபோல்டரிலும் தெரியும்படி பைண்ட் மவுண்ட் (mount --bind) செய்து பார்த்தால் புதைந்தது தெரியும்.

இதைத் தடுக்க, டிஸ்க் மவுண்ட் ஆகாத நேரத்தில் அந்த வெற்று ஃபோல்டருக்கு மாற்றவே முடியாதபடி பூட்டும் சிஎச்அட்டர் +ஐ (chattr +i) போட்டுவிடுங்கள். ரூட் பயனர்கூட அதில் எழுத முடியாது. மேலே மவுண்ட் செய்வதற்குத் தடையில்லை. டாரன்ட் போன்ற நிரலின் சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பில் ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் (RequiresMountsFor=) என்று பாதையைக் கொடுத்தால் டிஸ்க் வரும்வரை அது தொடங்காது. நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் சர்வீஸுக்கே கொடுத்தால் டிஸ்க் இல்லாதபோது எல்லா கன்டெய்னரும் படுத்துவிடும். என்னைக் கேட்டால் அதுவே மேல். முன்பே ஓடத் தொடங்கிய கன்டெய்னர், நீங்கள் பின்னால் மவுண்ட் செய்ததை வழக்கமாகப் பார்க்காது. ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும்.

டிஸ்க்கின் ஃபைல்சிஸ்டம் லினக்ஸின் எக்ஸ்ட்4 (ext4) என்றால், மவுண்ட் ஆகும்போதே ஜர்னல் என்ற மாற்றக் குறிப்பேட்டை வைத்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஃபைல்சிஸ்டத்தைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே (fsck) ஓட்டும் நிலை வந்தால், மவுண்டை எடுத்துவிட்டே ஓட்டுங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் (NTFS) தான் தலைவலி: சரியாக மூடப்படாத டிஸ்க்கை லினக்ஸின் என்டிஎஃப்எஸ்3 (ntfs3) டிரைவர் ஏற்காது. ஃபோர்ஸ் போட்டு ஏற்றவே கை வரும், வேண்டாம். லினக்ஸில் உள்ள என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் (ntfsfix) சில்லறைக் கோளாறுகளைத்தான் சரிசெய்யும், முழுப் பழுதுபார்ப்புக்கு விண்டோஸில் செருகிச் செக்டிஸ்க் (chkdsk) ஓட்ட வேண்டும். லினக்ஸில் மட்டும் பயன்படும் டிஸ்க் என்றால், உள்ளே இருப்பதை வேறெங்காவது காப்பி எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ட்4-க்கு மாற்றிவிடுங்கள்.