வால்வுக் குறிப்பேடு

2011-இல் எங்கள் பேரூராட்சியை மாநகராட்சியோடு இணைத்தபோது, பதிவேடுகளை மண்டல அலுவலகத்துக்கு ஏற்றி அனுப்பும் வேலை என்னிடம் வந்தது. கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேடு, குழாய் இணைப்புப் பதிவேடு என எல்லாவற்றையும் சணல் கயிற்றால் கட்டிக் கையெழுத்து வாங்கினேன். தண்ணீர் திறந்துவிடுபவரின் குறிப்பேடு மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை. எந்த வளவுக்கு எந்த வால்வு, எத்தனை சுற்று, மேட்டு வீதிக்கு எவ்வளவு நேரம் கூடுதல், மழையில் இறுகிக்கொள்வது எது என்றெல்லாம் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். “இதை யாரிடம் கொடுக்கட்டும்?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஊர்களை மாநகராட்சியோடு இணைத்ததே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆண்டு கொங்கு நாட்டில் கோவை, திருப்பூர், ஈரோடு மூன்றும் விரிந்தன. கோவையில் மட்டும் வார்டுகள் 72-லிருந்து 100 ஆயின. பரப்பு 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 257-ஐத் தொட்டது. வெள்ளியங்கிரியில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கரையிலுள்ள எந்த ஊராட்சியாலும் நகராட்சியாலும் அதைத் தனியாகக் காப்பாற்ற முடியாது. மேலே சாக்கடையைத் திறந்துவிட்டால் கீழே இருப்பவன் மூக்கைப் பொத்திக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்வான்? ஆற்றுக்கும் குப்பைக்கும் பெரிய அமைப்பு வேண்டும். பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் பெருநகரப் பகுதிக்குத் திட்டக்குழு வேண்டும் என்று 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தமே சொல்கிறது. அந்தக் குழுவில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர், அப்பகுதி உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுப்பவர்களாக இருக்க வேண்டும்.

ஆனால் வால்வுக்குப் பெரிய அமைப்பு எதற்கு? எங்கள் வீதியில் ஓர் அம்மா இருந்தார். பேரூராட்சிக் காலத்தில் விளக்கு எரியாவிட்டால் கம்பத்தின் எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு நேரே செயல் அலுவலரின் மேசைக்கு வந்துவிடுவார். பொழுது சாய்வதற்குள் விளக்கு எரியும். இணைந்த பிறகு மண்டல அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. 2016 அக்டோபரிலிருந்து 2022 தேர்தல் வரை மாமன்ற உறுப்பினரும் இல்லை. தனி அலுவலர் ஆட்சிதான். ஐந்து ஆண்டுக்கும் மேலான அந்தக் காலம் முழுவதும் அந்த அம்மா காகிதத்தோடு என் வீட்டு வாசலுக்குத்தான் வந்தார். வாங்கி வைத்துக்கொள்வேன். அதற்கு மேல் எனக்கு அதிகாரம் இல்லை. அந்த வேதனை இன்னும் போகவில்லை.

2022 நவம்பர் 1-இல் பகுதி சபா, அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிக் குறை சொல்லும் கூட்டம், கூடியது. எங்கள் பகுதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினார்கள். அந்த அம்மா எழுந்து கம்ப எண்ணைச் சொன்னார். தேதி போட்டுப் பதிந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயினும் பதிவதோடு நின்றால் போதாது. முப்பது ஆண்டுகள் சொத்து வரி வசூலித்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: ஒரு பகுதியில் வசூலாகும் வரியில் சிறு பங்கையாவது அந்தச் சபாவே செலவிட விடுங்கள். விளக்கும் அடைத்த சாக்கடையும் கோட்டைக்கோ மண்டலத்துக்கோ போய்க் காத்திருக்க வேண்டாம்.

ஓய்வுபெற்றுவிட்ட அந்தத் தண்ணீர்க்காரரும் அன்று வந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் சட்டைக்குள்ளிருந்து குறிப்பேட்டை எடுத்து, இப்போது தண்ணீர் திறக்கும் பையனிடம் கொடுத்தார். மேட்டு வீதிப் பக்கத்தில் பென்சில் எழுத்து அழிந்திருந்தது. இருவரும் சாவியைத் தூக்கிக்கொண்டு அந்த வால்வைப் பார்க்க நடந்தார்கள்.