வெங்காயத்திலிருந்து இரத்தம் வரை

மாதுளை, பச்சைத் தேநீர், மஞ்சள், கருப்புத் திராட்சை என எதைப் பற்றிய கட்டுரையானாலும், அதில் ஆன்டிஆக்சிடன்ட், அதாவது செல்களைச் சேதப்படுத்தும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள், எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கே முதலில் வருகிறது. அதில் எவ்வளவு குடலைக் கடக்கிறது, கடந்தபின் எந்த உருவில் இரத்தத்தில் ஓடுகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதற்கு வெங்காயத்தை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. தாவர உணவுகளில் உள்ள ஆன்டிஆக்சிடன்ட்களில் ஒரு பெரிய வகை பாலிஃபீனால்கள். வெங்காயத்தில் மிகுதியாக உள்ள பாலிஃபீனால் குவெர்செட்டின். உரித்து எறியும் தோலை அடுத்த வெளி அடுக்குகளில் அது செறிந்திருக்கிறது. 1995-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், பெருங்குடல் அகற்றப்பட்டவர்களுக்கு இதைக் கொடுத்து, சிறுகுடலைத் தாண்டி வெளியேறியது எவ்வளவு என்று அளந்தனர். வெங்காயத்திலிருந்து 52 சதவீதமும், பிரித்தெடுத்த தூய குவெர்செட்டினிலிருந்து 24 சதவீதமும், தேநீரிலும் காணப்படும் ரூட்டின் என்ற வடிவிலிருந்து 17 சதவீதமும் உட்கிரகிக்கப்பட்டதாக அவர்கள் கணக்கிட்டனர். தூய பொருளை விட வெங்காயம் மேலாக இருந்ததற்குக் காரணம், அதில் குவெர்செட்டினோடு குளுக்கோஸ் இணைந்திருப்பதுதான். பால் சர்க்கரையைச் செரிக்க உதவும் லாக்டேஸ் நொதியே சிறுகுடலின் சுவரில் இந்த குளுக்கோஸையும் வெட்டி விடுகிறது. விடுபட்ட குவெர்செட்டின் அங்கேயே செல்லுக்குள் நுழைகிறது. ரூட்டினில் ஒட்டியுள்ள இரட்டைச் சர்க்கரையை அந்த நொதியால் வெட்ட முடியாததால், அது பெருங்குடல் நுண்ணுயிர்களுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் குவெர்செட்டின் அப்படியே இருப்பதில்லை. குடற்சுவரும் கல்லீரலும் அதனுடன் குளுக்குரோனிக் அமிலம், சல்பேட், மெத்தில் ஆகியவற்றை இணைத்துச் சிறுநீரில் கரைந்து வெளியேறத் தக்கதாக மாற்றி விடுகின்றன. ஆகவே இரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் இந்த மாற்றுருக்களே. ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களின் மீது தூய குவெர்செட்டினைப் பெருமளவில் ஊற்றிப் பெற்ற முடிவுகளை, ஒரு கிண்ணம் வெங்காயச் சாம்பார் உண்டவரின் உடலுக்கு அப்படியே பொருத்த முடியாது.

மாதுளையில் உள்ள, துவர்ப்புத் தரும் பாலிஃபீனால்களான டானின்களின் பெரிய மூலக்கூறுகள் சிறுகுடலில் அதிகம் உட்கிரகிக்கப்படுவதில்லை. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து யூரோலித்தின் என்ற சிறு மூலக்கூறுகளாக்கிய பிறகே அவை இரத்தத்தை அடைகின்றன. உரிய நுண்ணுயிர்கள் இல்லாதவர்களிடம் யூரோலித்தின் உருவாவதே இல்லை. ஒரே பழத்தை உண்ட இருவர் ஒரே பயனைப் பெறாததற்கு இது ஒரு காரணம்.

அமெரிக்க வேளாண்மைத் துறை, உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் திறனைப் பட்டியலிட்ட தன் தரவுத்தளத்தை 2012-இல் விலக்கிக்கொண்டது. சோதனைக் குழாயில் அளந்த மதிப்பு உடலில் நிகழும் விளைவைக் காட்டாது என்பதோடு, விளம்பரங்களில் அது தவறாகப் பயன்படுத்தப்பட்டதும் காரணம். இதற்காகப் பாலிஃபீனால்கள் பயனற்றவை என்று சொல்லிவிடக் கூடாது. கோகோவின் ஃபிளவனால்கள் என்ற பாலிஃபீனால்கள் இரத்தக் குழாய்ச் சுவரில் நைட்ரிக் ஆக்சைடு கிடைப்பதை மேம்படுத்தி அதைத் தளரச் செய்வது மனிதர்களிடமே அளக்கப்பட்டிருக்கிறது. ஆனால் 2022-இல் வெளியான, 21,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில், தினமும் 500 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால் எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட இதய நோய் நிகழ்வுகளின் மொத்த எண்ணிக்கை புள்ளியியல் நோக்கில் உறுதியாகக் குறையவில்லை. இதய நோயால் நேர்ந்த இறப்புகள் மட்டும் 27 சதவீதம் குறைந்தன. இது நம்பிக்கை தருகிறதே தவிர, மாத்திரை வாங்கச் சொல்லும் சான்றாகாது. பச்சைத் தேநீரின் இஜிசிஜி என்ற பொருளை மாத்திரையாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தவர்களிடம் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தென்பட்டதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-இல் சுட்டிக்காட்டியது.

உட்கிரகிக்கப்படாத பாலிஃபீனாலும் உடலைப் பாதிக்கும் என்பதை நம் ஊரில் குறிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேநீரின் டானின்கள் கீரை, பருப்பு, தானியங்களில் உள்ள இரும்புச்சத்தைக் குடலுக்குள்ளேயே பற்றிக்கொண்டு, அது இரத்தத்தில் சேர விடாமல் தடுக்கின்றன. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு கூறுகிறது. ஆகையால் இரும்புச்சத்துக் குறைந்தவர்களும், இரும்பு மாத்திரை எடுத்துக்கொள்ளும் கர்ப்பிணிகளும் தேநீரையும் காபியையும் உணவோடோ மாத்திரையோடோ சேர்க்காமல், குறைந்தது ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது.