மொய் ஆப் நாட்குறிப்பு: வைகாசி முதல் ஆவணி வரை

3 ஜூன் 2025, செவ்வாய்

மே மாதக் கணக்கைப் பார்த்தேன். நான் எழுதி விற்கும் மொய்க் கணக்கு ஆப்பை 299 ரூபாய் கொடுத்து 63 பேர் வாங்கியிருக்கிறார்கள். இரண்டு பேர் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மிச்சம் 61. கூகுள் பிளேயில் ஆண்டுக்கு முதல் 10 லட்சம் டாலர் வரை கூகுள் எடுத்துக்கொள்ளும் கழிவு 15 சதவீதம். அந்தப் பத்து லட்சத்தை நான் இந்த ஜென்மத்தில் தாண்டப்போவதில்லை. ஒன்றுக்கு 254 ரூபாய் சொச்சம் வீதம் 15,500 கைக்கு வந்தது. வரி தனி.

இதோடு சென்னைக் கம்பெனி ஒன்றின் டெலிவரி ஆப்பைப் பார்த்துக்கொள்வதற்கு மாதம் 20,000 வருகிறது. அது இல்லையென்றால் சோற்றுக்கே இழுபறிதான். 'சொந்தமா ஆப் பண்றேன்' என்று சொல்லும்போது அந்த 20,000-ஐ நான் சொல்வதில்லை.

என் வருமானத்தைப் பஞ்சாங்கத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். தை, வைகாசி, ஆவணி என்றால் விற்பனை ஏறும். மார்கழியில் வரைபடம் தரையோடு படுத்துவிடும். மற்ற ஊரில் ஆடியிலும் கல்யாணம் இல்லை. ஆனால் எங்கள் புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி என்றாலே மொய் விருந்து. கறிச்சோறு போட்டு, போட்ட மொய்யைத் திரும்ப வாங்கும் மாதம். இந்த ஆடியை நம்பித்தான் மூன்று மாதமாக ரசீது பிரிண்டர் வசதியை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

11 ஜூன், புதன்

அந்த இரண்டு 'திருப்பிய' ஆட்களில் ஒருவர் யாரென்று புரிந்துவிட்டது. வாங்கி 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பது கூகுள் பிளே கடையின் விதி. முதல் நாள் மாலை பெண் அழைப்புக்கு வாங்கி, மறுநாள் முகூர்த்தத்தில் மொத்த மொய்யையும் எழுதி, பி.டி.எஃப். எடுத்துக்கொண்டு, அதற்கடுத்த நாள் காலையில் பணத்தை வாங்கிவிட்டார். போதாக்குறைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு 'சூப்பர்' என்று எழுதியிருக்கிறார்.

கோபம் வரவில்லை. அந்த நட்சத்திரத்தின் விலை 299-க்கு மேல்.

24 ஜூன், செவ்வாய்

சித்தப்பா வந்திருந்தார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் முப்பது வருடமாக மொய் எழுதுபவர். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். என் ஆப்பை இவரளவுக்குக் குறை சொன்ன ஆள் கிடையாது, ஆகவே இவரைவிட நல்ல சோதனையாளரும் கிடையாது.

போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "கணேசன் எப்படித்தா கண்ணனுக்கு முன்னாடி வருவான்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் அகராதி வரிசையை யோசித்தேன். 'ண்' முதலில், 'ண' பிறகு. கண்ணன்தான் முன்னால் வர வேண்டும். ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் புள்ளிக்கான எண், கால், கொம்பு எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிறது. டேட்டாபேஸ் அந்த எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்துவதால் 'ணே' முந்திக்கொள்கிறது. 'ன' வேறு 'ப'வுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வருடமாக ஆயிரக்கணக்கான பேர் இந்தப் பட்டியலைப் பார்த்திருப்பார்கள். ஒருவரும் சொல்லவில்லை. தேடல் பெட்டி இருப்பதால் யாரும் கீழே வரை உருட்டிப் பார்ப்பதில்லை போல.

சாயங்காலமே சரிசெய்தேன். ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகப் பிரித்து, நெடுங்கணக்கு வரிசைப்படி ஓர் எண் கொடுத்து, அதை இன்னொரு பத்தியில் சேமித்து வைப்பது. நாற்பது வரிதான்.

"சரி, பிள்ளையார் சுழி எங்க?" என்றார் அடுத்து. பட்டியலின் தலையில் 'உ' போட்டேன். போகும்போது இன்னொன்றும் சொன்னார்: "அந்தப் பிரிண்டர் சீட்டு ஆறு மாசத்துல வெளுத்துப்போயிடும். மொய் அஞ்சு வருசம் கழிச்சுல்ல திரும்பும்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

6 ஜூலை, ஞாயிறு

பிரிண்டர் வேலை முடிந்தது. இந்த 58 மில்லிமீட்டர் சின்ன பிரிண்டர்களுக்குத் தமிழ் தெரியாது. எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறியாகத் துப்பும். அதனால் ரசீது முழுவதையும் 384 புள்ளி அகலமுள்ள கறுப்பு வெள்ளைப் படமாக வரைந்து அனுப்புகிறேன். படம் என்பதால் வேகம் குறைவு. ஒரு ரசீதுக்கு மூன்று விநாடி. வரிசையில் நிற்கிறவருக்கு மூன்று விநாடி ஒன்றுமில்லை, மொய் எழுதுகிறவருக்கு அது யுகம்.

17 ஜூலை, வியாழன்

ஆடி 1. ஒரே நாளில் பதினோரு பேர் வாங்கியிருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "அப்ப அந்தச் சென்னை வேலையை விட்டுடாத" என்றார்.

27 ஜூலை, ஞாயிறு

கீரமங்கலம் பக்கம் ஒரு மொய் விருந்து. பதினான்கு வீட்டார் சேர்ந்து நடத்துகிறார்கள். சேர்ந்து நடத்தினால் கறி, பந்தல் செலவு பங்காகிவிடும். மொய் மட்டும் தனித்தனி மேசை, மேசைக்கு மேல் அவரவர் பெயர். இரண்டு மேசை எனக்கு விட்டார்கள். கூலி பேசவில்லை, 'பார்ப்போம்' என்றார்கள்.

காலை பத்தரைக்கே தகரப் பந்தலுக்குள் அனல். போன் சூடாகித் திரை தானாக மங்கியது. ஈரத் துண்டை மடித்து அடியில் வைத்தேன். பேசினால் எழுதும் வசதியை ஒலிபெருக்கிச் சத்தத்தில் மறந்துவிட வேண்டியதுதான். காப்பாற்றியது ஊர்ப் பொத்தான்கள். கொத்தமங்கலம், வடகாடு, மாங்காடு, குளமங்கலம், நெடுவாசல் என்று நாற்பது ஊரை முன்பே ஏற்றி வைத்திருந்தேன். வருகிறவர் ஊரைத்தான் முதலில் சொல்வார், அதை ஒரு தட்டு தட்டினால் போதும். பிறகு அப்பா பெயரின் முதலெழுத்து, பெயர், தொகை. பக்கத்தில் ஒருவர் எண்ணி அண்டாவில் போட, நான் 'எழுதியாச்சு' என்று சொல்ல, ரசீது கீச்சென்று வரும்.

பதினொன்றரைக்கு இரண்டாவது மேசையில் பிரிண்டர் நின்றுவிட்டது. வரிசை வாசல் வரை. அங்கே இருந்த தம்பி, ஆப் கேட்ட அனுமதி எதையும் படிக்காமல் 'வேண்டாம்' என்று தட்டியிருக்கிறான். ஆண்ட்ராய்டு 12-லிருந்து புளூடூத்தில் இணைய 'அருகிலுள்ள சாதனங்கள்' என்ற அனுமதி வேண்டும். அது மறுக்கப்பட்டால் என் ஆப் ஒன்றும் சொல்லாமல் கம்மென்று இருந்தது. குற்றம் தம்பி மேல் இல்லை. மறுத்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் எழுதியது நான். அமைப்புக்குள் போய் அனுமதியைக் கொடுத்து முடிப்பதற்குள் ஒரு பெரியவர், "நோட்டை எடுங்கப்பா, இந்தப் பொம்பளப்புள்ள பொட்டியை நம்பி நின்னா சோறு ஆறிடும்" என்று குரல் கொடுத்துவிட்டார். நோட்டும் வந்தது. அந்த மேசையில் 38 பெயர் நோட்டில்தான் ஏறியது. பிறகு நான் அதைப் பார்த்துத் தட்டினேன்.

மாலை நான்கு மணிக்கு இரண்டு மேசைக்கும் கூட்டிப் பார்த்தால் பணமும் கணக்கும் ஒரு ரூபாய் பிசகாமல் நின்றது. மேசைக்கு 2,000 கொடுத்தார்கள். கறிச்சோறு தனி.

28 ஜூலை, திங்கள்

அனுமதி மறுத்தால் பெரிய எழுத்தில் தமிழில் சொல்லும்படி மாற்றினேன். உடம்பு வலி. சென்னை வேலை பாக்கி.

5 ஆகஸ்ட், செவ்வாய்

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் ஒரு அழைப்பு. போன மாதம் காதுகுத்து வைத்த வீடு, என்னிடம் 299 கொடுத்து வாங்கியவர்கள். போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டதாம். புதுப் போனில் ஆப்பை இறக்கினால் காலியாக இருக்கிறது. 312 பேருடைய மொய்.

பேக்கப் வசதி இருக்கிறது. அமைப்பு, அதற்குள் கணக்கு, அதற்குள் மூன்றாவது வரி. யார் போய்ப் பார்ப்பார்கள்? அதைத் தானாகவே ஓடும்படி வைத்திருக்க வேண்டும். "நீங்க ஆன் பண்ணலையே" என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, நேரில் வருகிறேன் என்றேன்.

போனதும் அந்த வீட்டு அக்கா ஒரு பழைய மொய் நோட்டைக் காட்டினார். 2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டைத் தூக்கியபோது நனைந்தது. பக்கங்கள் அப்பளம் மாதிரி ஒட்டிக்கிடந்தன. ஓரங்களில் மை கரைந்திருந்தாலும் பாதிக்கு மேல் படிக்க முடிந்தது. "இப்படி ஆகிடக் கூடாதுன்னுதான் போனுக்கு மாறினோம்" என்றார். தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நல்ல வேளை, அவர் மகள் காதுகுத்து அன்று மதியம் இரண்டு மணிக்கு வாட்ஸாப்பில் தம்பிக்கு ஒரு பி.டி.எஃப். அனுப்பியிருந்தாள். அதில் 240 பேர். மிச்சம் 72.

7 ஆகஸ்ட், வியாழன்

இரண்டு நாளாக அந்த அக்காவும் நானும் ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய் ரசீதுகளைப் பார்த்தோம். சிலர் பர்சில் வைத்திருந்தார்கள், சிலர் சாமி படத்துக்குப் பின்னால். மினி பஸ் டிரைவர் ஒருவர் வண்டியின் கண்ணாடியோரம் சொருகி வைத்திருந்தார். வெயிலில் வெள்ளைக் காகிதமாகிவிட்டது, ஒரு எழுத்துக்கூட இல்லை. சூடு பட்டால் கறுக்கும் காகிதம், மேலும் வெயில் பட்டால் அழிந்தும் போகிறது. சித்தப்பா ஆறு மாதம் என்றார். இது நாலு வாரம்.

72-இல் 63 கிடைத்தது. ஒன்பது பேர் யாரென்றே தெரியவில்லை. பெட்டியில் இருந்த பணத்தைக் கழித்துப் பார்த்ததில் அந்த ஒன்பது பேரின் மொத்தம் 6,500. அவர்களாக வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வைக்கும்போதுதான் தெரியும்.

கிளம்பும்போது அக்கா கேட்டது: "இதை அப்படியே ஒரு நோட்டாப் போட்டுக் குடுத்துர்றியா? காசு எவ்வளவுன்னாலும் சொல்லு."

14 ஆகஸ்ட், வியாழன்

நோட்டுப் போடுவது சொன்ன மாதிரி லேசு இல்லை. நான் பயன்படுத்திய பி.டி.எஃப். நிரலுக்குத் தமிழ் கோக்கத் தெரியாது. 'பொன்னுசாமி'யில் கொம்பு பிறகு வந்து நிற்கிறது. போனில் பார்த்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள், அட்டை போட்ட நோட்டில் அது அசிங்கம். கடைசியில் வலைப்பக்கமாக வரைந்து, ஆண்ட்ராய்டின் சொந்த அச்சு வழியாகவே பி.டி.எஃப். எடுத்தேன். கொம்பு தன் இடத்துக்கு வந்தது.

ஊர்வாரியாகப் பிரித்து, சித்தப்பாவின் அகராதி வரிசையில், பக்கத்துக்கு முப்பது பெயர். வலது பக்கம் 'திரும்பச் செய்தது', 'புதுநடை' (திருப்பியதற்கு மேல் புதிதாகப் போட்டது) என்று இரண்டு காலிப் பத்தி, பேனாவால் எழுதிக்கொள்ள. கடைசியில் இருபது வெற்றுப் பக்கம். லேசர் அச்சு என்பதால் வெயிலுக்கு வெளுக்காது. புதுக்கோட்டையில் பைண்டிங் செய்கிற அண்ணனிடம் சிவப்புக் காலிகோ துணியில் கெட்டி அட்டை போடச் சொன்னேன். அச்சுக்கு 120, பைண்டிங்குக்கு 230. அக்காவிடம் காசு வாங்கவில்லை.

அவர் அதைத் தூக்கி எடை பார்த்தார். பக்கத்தைக்கூடத் திறக்கவில்லை, நேரே பீரோவில் வைத்துப் பூட்டினார். என் ஆப்பை யாரும் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

19 ஆகஸ்ட், செவ்வாய்

அந்த நோட்டைப் பார்த்துவிட்டு ஏழு வீட்டார் கேட்டார்கள். 900 என்றேன். பேரம் பேசுவார்கள் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஒருவரும் பேசவில்லை. ஆப்புக்கு 299 கேட்டால் 'ஃபிரீயா இல்லையா' என்பவர்கள்! அச்சடித்த பொருள் என்பதால் கடைக்குக் கழிவும் இல்லை. நேரே யு.பி.ஐ.யில் வாங்கிக்கொள்கிறேன்.

30 ஆகஸ்ட், சனி

நாளைக்குள் ஆப்பை ஆண்ட்ராய்டு 15-க்கு ஏற்றபடி மாற்றியாக வேண்டும். அதற்குப் பிறகு, பழைய ஆண்ட்ராய்டைக் குறிவைத்த புதுப்பிப்பு எதுவும் கூகுள் பிளேயில் ஏறாது. ஆப் குறிவைக்கும் ஆண்ட்ராய்டு எண்ணை மட்டும் மாற்றினால் போதுமென்று பார்த்தால், ஆண்ட்ராய்டு 15-இல் திரை விளிம்புவரை விரிந்துவிடுகிறது. 'சேமி' பொத்தான் கீழே இருக்கும் வழிகாட்டிப் பட்டைக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. பதினேழு திரையையும் ஒவ்வொன்றாகத் திறந்து இடம் விட்டேன். ராத்திரி ஒரு மணி.

நவம்பர் 1-லிருந்து இன்னொன்று: நினைவகத்தை 16 கே.பி. பக்கங்களாகப் பிரிக்கும் போன்களிலும் ஆப் ஓட வேண்டும். பிரிண்டரோடு வந்த பழைய நிரல் துண்டு அதற்குத் தேறாது. அதைத் தூக்கிவிட்டு நானே எழுத வேண்டும். ஒரு காசு வருமானம் கூட்டாத வேலை இது, ஆனால் செய்யாவிட்டால் கடையில் புதுப்பிக்க முடியாது. பேக்கப் இப்போது கேட்காமலே ஓடுகிறது, அதுவும் இந்தப் பதிப்பில்தான்.

12 செப்டம்பர், வெள்ளி

ஆகஸ்ட் கணக்கு. ஆப் 41 விற்று 10,420. ஆவணி பிறந்தும், ஆடி முடிந்த பிறகு சரிந்திருக்கிறது. நோட்டு 23, செலவு போக ஒன்றுக்கு 550 வீதம் 12,650. மேசை எழுதியது மூன்று முறை, 9,000.

படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ், பார்ப்பது காலிகோ வியாபாரம் என்று தோழி கிண்டல் செய்தாள். இருக்கட்டும். ஆப் இல்லாமல் அந்த நோட்டு கிடையாது, அவளுக்கு அது புரியாது.

புரட்டாசி வரப்போகிறது, விற்பனை படுக்கும். அதற்குள் பிரிண்டர் நிரலை எழுதி முடிக்க வேண்டும்.

நேற்று பைண்டிங்கில் இருந்து வந்த ஆறு நோட்டுகளை சித்தப்பாவிடம் காட்டினேன். முதல் பக்கத்தில் அச்சில் இருந்த பிள்ளையார் சுழியை விரலால் தடவிப் பார்த்தார். "இதை மெஷின் போடக் கூடாதுத்தா" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அச்சு 'உ'வுக்குப் பக்கத்திலேயே தன் கையால் ஒரு சுழி போட்டு, வீட்டார் பெயரையும் ஊரையும் எழுதினார். ஆறிலும். இன்று காலை நோட்டை வாங்க வந்தவர் முதலில் பார்த்தது அந்தக் கையெழுத்தைத்தான். "ஓ, அவரு எழுதினதா" என்று கேட்டுவிட்டு 900-ஐ எடுத்து வைத்தார்.

அச்சுச் சுழியை நிரலிலிருந்து எடுத்துவிட்டேன். சித்தப்பா நோட்டுக்கு 50 ரூபாய் கேட்கிறார். அடுத்த மாதத்திலிருந்து லாபம் 500 என்று போட வேண்டியதுதான்.