ஷார்க் கப்பலின் கமாண்டரைத் தேடிப் போனபோது

1916 மே 31 அன்று, முதல் உலகப்போரில் பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய ஜட்லாந்து கடற்சண்டையில் இறந்த பிரிட்டிஷ் கடற்படை கமாண்டர் லாஃப்டஸ் ஜோன்ஸைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதலாமே என்று ஆரம்பித்தேன். ஷார்க் என்ற நாசகாரிக் கப்பல் அவருடையது. எல்லாம் இணையத்திலேயே கிடைத்துவிடும் என்று நினைத்தேன், கிடைக்கவும் செய்தது, ஆனால் ஒரே இடத்தில் இல்லை.

முதல் குழப்பம் பெயரிலேயே. அவருடைய அப்பாவும் கடற்படைதான், அட்மிரல், அவரும் லாஃப்டஸ் ஜோன்ஸ்! அதனால் பெயரைப் போட்டுத் தேடி வருகிற எதையும் நம்பாமல், முதலில் பிறந்த ஆண்டைப் பார்க்க வேண்டும். நமக்கு வேண்டியவர் 1879இல் பிறந்தவர்.

அதிகாரிகளின் பணிப்பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏடிஎம் 196 (ADM 196) என்ற ஆவண வரிசையில் இருக்கின்றன, சிறு கட்டணம் கட்டினால் ஸ்கேன் படமாக இறக்கிக்கொள்ளலாம். எழுத்தர்கள் பொடி எழுத்தில் கிறுக்கியது, அதிலும் பாதி சுருக்கக் குறியீடுகள். கப்பல் பெயரையும் தேதியையும் நேவி லிஸ்டோடு, அதாவது கடற்படை வெளியிட்ட அதிகாரிகள் பட்டியலோடு, ஒப்பிட்டால்தான் தெளிவாகும். முதல் உலகப்போர்க் காலத்து நேவி லிஸ்டுகளை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இலவசமாகவே போட்டிருக்கிறது, புண்ணியவான்கள்.

என்னை ரொம்பச் சுற்றவிட்டது ஜோன்ஸுக்குக் கிடைத்த விக்டோரியா கிராஸ், வீரத்துக்கான பிரிட்டனின் மிக உயர்ந்த பதக்கம். ஜட்லாந்துக்கான பதக்கப் பட்டியல் 1916 செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் வந்தது. நெஸ்டர் நாசகாரியின் பிங்ஹாம் இருக்கிறார், சிறுவன் ஜாக் கார்ன்வெல் இருக்கிறான், ஜோன்ஸ் மட்டும் இல்லை. தேடித் தேடிக் கடைசியில் 1917 மார்ச் கெஜட்டில் அகப்பட்டார். யோசித்தால் தாமதத்தில் அதிசயமில்லை: கப்பல் மூழ்கிவிட்டது, கேப்டன் அறிக்கை கிடையாது, உயிர் பிழைத்தவர்கள் ஆறே பேர், அவர்களையும் இரவில் டென்மார்க் கப்பல் ஒன்றுதான் தூக்கியது. அவர்கள் வாயால் சொன்னால்தான் உண்டு.

அந்தக் கெஜட் பத்தியை மட்டும் பலமுறை படித்தேன். நடு பீரங்கியில் மிஞ்சியது மூன்று பேர், காயத்தோடு ஜோன்ஸ் அங்கேயே வந்து நிற்கிறார், குண்டு ஒன்று அவர் காலை முழங்காலுக்கு மேல் பிய்த்துக்கொண்டு போகிறது, சீஃப் ஸ்டோக்கர் (கொதிகலன் பணியாளர்களின் தலைவர்) ஒருவர் கையில் கிடைத்ததைக் கொண்டு தொடையை இறுக்கிக் கட்டுகிறார், அதற்கு நடுவில் இவர் கொடி சரியாகப் பறக்கவில்லை, வேறு ஏற்றுங்கள் என்கிறார்! அப்புறம் எல்லோரையும் லைஃப்பெல்ட் கட்டச் சொன்ன கையோடு டார்பீடோ தாக்கியது.

உடல் ஸ்வீடன் கரையில் ஒதுங்கி ஃபிஸ்கபெக்ஷில் என்ற ஊரில் அடக்கமானது, பின்னாளில் கோத்தன்பர்க்கின் க்விபெரி கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். இரண்டு ஊரையும் குழப்பி எழுதிய பக்கங்கள் உண்டு. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் தளத்தில் ஒரு தடவை சரிபார்த்துவிடுவது நல்லது.

இப்படி வேறொரு அதிகாரியைத் தேடப் போகிறவர்கள் பதக்கம் வாங்கியவராக இருந்தால் கெஜட்டில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள், பணிப்பதிவேட்டைக் கடைசியில் காசு கொடுத்து எடுத்தால் போதும்.