வாயுத் துளையும் பஃபரின் எடையும்

ஏஆர்-15 வகை ரைஃபிள் கடுமையாக உதைக்கிறது என்றதும் பலர் கனமான பஃபரை (பின்னோக்கி வரும் பாகங்களை ஸ்பிரிங்கோடு சேர்ந்து தாங்கும் எடை) தேடுகிறார்கள். என் பார்வையில், முதலில் கவனிக்க வேண்டியது சுடும்போது எழும் வாயுவில் ஒரு பகுதியை இயக்கத்துக்கு எடுத்துவிடும், குழலிலுள்ள வாயுத் துளையைத்தான். துளை தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால், மிகுதியான வாயு போல்ட் கேரியரை (அறையை மூடும் போல்ட்டைத் தாங்கி நகரும் பாகம்) வேகமாகத் தள்ளி, அறையின் அழுத்தம் போதிய அளவு தணியுமுன்பே போல்ட்டைத் திறந்துவிடுவதால், சுட்ட தோட்டாவின் வெற்றுறை விளிம்பு கிழிபடுவதும் அதைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் விரைவில் தேய்வதும் நேர்கின்றன. பஃபரின் கூடுதல் எடை அந்த அசைவைத் தாமதப்படுத்துமே தவிர, உள்ளே வரும் வாயுவைக் குறைக்காது. சாதாரண கார்பைன் பஃபர் சுமார் 85 கிராம். அதனுள் உள்ள மூன்று எஃகுத் துண்டுகளையும் டங்ஸ்டனாக மாற்றினால் எடை ஏறத்தாழ 155 கிராம் ஆகும்.

துளை சிறியதாக உள்ள குழலில் இந்தக் கனமே தொல்லையாகிறது: வலுக்குறைந்த தோட்டாக்களில் வெற்றுறை சிக்கிக்கொள்ளும், கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் பின்னால் நிற்காது. வாயு அளவின் அடையாளமாக வெற்றுறை விழும் திசையைப் பலரும் பெரிதாகப் பேசுகிறார்கள். வெற்றுறையை வெளியே தள்ளும் எஜெக்டர் ஸ்பிரிங்கின் வலுவும் அதை மாற்றும் என்பதால், மேகசினில் ஒரே தோட்டாவை இட்டுச் சுட்டு, போல்ட் பின்னால் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனையையே நான் நம்புகிறேன். ஒலியடக்கி பொருத்தினால் பின்னழுத்தம் கூடிவிடும். துளை வழி வரும் வாயுவைக் கூட்டிக் குறைக்க உதவும், சரிசெய்யத்தக்க கேஸ் பிளாக் அங்கேதான் தன் விலைக்கு ஈடுகொடுக்கிறது.