வேர்க்கொம்புத் தண்ணியும் ஒரு கொப்பியும்

2009 இல் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில், ஒரு கூடாரத்துக்குள்தான் நான் பெரியபிள்ளை ஆனேன். உளுத்தங்களி இல்லை, நல்லெண்ணெய் இல்லை, மறைவாகக் குளிக்க இடமும் இல்லை. அந்தக் குறை அம்மம்மாவின் மனதை விட்டுப் போகவேயில்லை. மீளக் குடியேறிக் கிளிநொச்சிக்கு வந்த பிறகு, எனக்கு மாதவிடாய் வயிற்றுக்குத்து வரும்போதெல்லாம் அந்த நாளில் தர முடியாததைச் சேர்த்துத் தருவதுபோல ஒவ்வொன்றாகக் காய்ச்சித் தந்தா. கற்றாழைச் சாறு, உள்ளி, வெந்தயம், ஓமம் என்று எதுவும் மிச்சமில்லை. அன்போடு தந்ததைக் கேள்வி கேட்காமல் குடித்தேன்.

படிப்பு முடிந்து ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலைக்குச் சேர்ந்ததும் கஷ்டம் கூடியது. முதல் நாள் அடிவயிறு இழுத்துப் பிடிக்கும், நாரி கடுக்கும், கால் இரண்டும் உளையும். மெஷினை விட்டு எழும்பினால் அன்றைய கணக்குக் குறையும். ஒருநாள் சந்தையில் ஒருவர் தாளில் சுற்றி விற்ற சூரணத்தை வாங்கி வந்தேன். "மூன்று மாதத்தில் நோவே வராது" என்றார். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று தாளில் ஒரு எழுத்தும் இல்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் காலையில் அந்தச் சூரணம், கற்றாழைச் சாறு, கூடவேலை செய்யும் அக்கா தந்த நோக்குளிசை எல்லாம் வெறும் வயிற்றில் போட்டேன். பத்து மணிக்குள் வயிற்றோட்டம், சத்தி. மெஷினடியிலேயே தலைசுற்றி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் டொக்டர், "வேற என்ன குடிச்சனீங்கள்?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை" என்றேன். நாட்டு மருந்தென்று சொன்னால் ஏசுவார் என்று பயம். சேலைன் ஏறி முடிய வீட்டுக்கு விட்டார்கள்.

உண்மையை முதலில் சொன்னது எங்கள் பகுதி மிட்வைஃப் அக்காவிடம். அவ ஏசவில்லை. "தங்கச்சி, இதைச் சொல்லாட்டி டொக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று மட்டும் கேட்டா. பிறகு கிளினிக்குக்கு அனுப்பினா. இரத்தம் சோதித்தார்கள், ஸ்கானும் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் கட்டியோ வேறு குறையோ தெரியவில்லை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 க்குக் கீழே இருந்ததால் இரும்புக் குளிசை தந்தார்கள். நான் எல்லாவற்றையும் இஞ்சி போட்ட சாயத் தேத்தண்ணியோடுதான் விழுங்குவேன். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பு சரியாக உறிஞ்ச விடாது என்று அன்றுதான் தெரிய வந்தது.

நாட்டு மருந்தை விடவேண்டுமா என்று கேட்கத்தான் சித்த வைத்தியசாலைக்குப் போனேன். அங்கே இருந்த டொக்டரம்மா பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் படித்தவ. என் சூரணப் பொட்டலத்தை விரித்து மணந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள என்ன இருக்கெண்டு எனக்கே சொல்லேலாது பிள்ளை" என்றா. பெயரில்லாத தூள்களில் ஈயம், பாதரசம், சில நேரம் ஆங்கில மருந்தே கலந்து பிடிபட்டிருக்கிறதாம். கற்றாழையில் தோலுக்கடியில் கசியும் மஞ்சள் பால் பேதிக்குப் போகவைக்கும், வயிற்றை இன்னும் முறுக்கும். அம்மம்மா அதை வடியவிட்டுக் கழுவித்தான் செய்வா. அன்றைக்கு அவசரத்தில் நானே வெட்டி அடித்தேன். மூன்றையும் ஒன்றாகப் போட்டதில் எது என்னை விழுத்தியது என்று இன்றுவரை தெரியாது. அதுதான் என் மனதை உறுத்தியது.

அவ சொன்ன வழி இதுதான்: ஒரு நேரத்தில் ஒரு மருந்து மட்டும், இரண்டு மாதத்துக்குப் பார்க்க வேண்டும், நோவைப் பத்துக்கு இத்தனை என்று கொப்பியில் எழுத வேண்டும்.

முதலில் வேர்க்கொம்பு, அதுதான் காய்ந்த இஞ்சி. மாதவிடாய் நேரம் கர்ப்பப்பை சுருங்குவதற்குப் புரொஸ்டகிளான்டின் என்ற பொருள் காரணம், அது கூடினால் நோவும் கூடும். நோக்குளிசை அதைத்தான் குறைக்கிறது, இஞ்சியும் ஓரளவுக்கு அப்படிச் செய்கிறது என்றா. ஆய்வுகளில் கொடுத்த அளவு ஒரு நாளைக்கு முக்கால் கிராமில் இருந்து 2 கிராம் வரை உலர்ந்த இஞ்சித்தூள், முதல் 3 அல்லது 4 நாளைக்கு மட்டும். மட்டமாக எடுத்தால் ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 2 கிராம். நான் கடையில் முழுக் கொம்பாக வாங்கி, கழுவிக் காயவைத்து, வீட்டில் இடித்தேன். காலை அரைக் கரண்டி, பின்னேரம் அரைக் கரண்டி, சுடுதண்ணியில் பனங்கட்டியோடு, சாப்பிட்ட பிறகு. தேயிலை போடுவதில்லை.

முதல் மாதம் கொப்பியில் 8. இரண்டாம் மாதம் 6. நெஞ்செரிவு கொஞ்சம் வந்தது, அதையும் எழுதினேன்.

பிறகு வெந்தயம். எனக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, சிலருக்குக் கேட்குமாம். ஆனால் அம்மாவும் என்னோடு சேர்ந்து குடிக்க வெளிக்கிட்டா. அவ சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறவ. வெந்தயமும் சீனியைக் குறைக்கும் என்பதால் கிளினிக்கில் கேட்காமல் தொடவேண்டாம் என்று மறித்தேன். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் இஞ்சியைக்கூட மருந்தளவில் எடுக்கமுன் கேட்க வேண்டும். நாள் தள்ளிப்போயிருந்தால் முதலில் பிள்ளையா என்று பார்க்க வேண்டும், அதற்குமுன் எந்தக் கசாயமும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கைகொடுத்தது சூடுதான். போத்தலில் கைபொறுக்கும் சுடுதண்ணி, மேலே துவாய், அடிவயிற்றில் கால் மணித்தியாலம். கொதிதண்ணி ஊற்றக்கூடாது, தோல் வெந்துவிடும்.

குளிசையையும் நான் விடவில்லை. டொக்டர் எழுதித்தந்த மெஃபனாமிக் அசிட் என்ற நோக்குளிசையை முதல் நாள் நோவு தொடங்கும்போதே சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கிறேன். அல்சர், ஆஸ்மா உள்ளவர்களுக்கு அது ஒத்துவராது என்பதால் இன்னொருவரின் குளிசையை வாங்கிப் போடுவதில்லை. இப்போது கிளினிக்கில் கேட்கமுன்னமே கொப்பியை நீட்டுவேன். போன மாதம் முதல் நாள் 4. வேர்க்கொம்பா, சூடா, குளிசையா என்று பிரித்துச் சொல்ல முடியாது, மூன்றும் சேர்ந்துதான்.

இப்போது என் கவலை மல்லாவியில் இருக்கும் சித்தியின் மகளைப் பற்றி. அவளுக்கு நாள் வருவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே நோவு தொடங்குகிறது, மலம் போகும்போதும் குத்துகிறது, வருடத்துக்கு வருடம் கூடுகிறது. சித்தி என் வேர்க்கொம்புத் தூளைக் கேட்டு ஆள் அனுப்பினா. கொடுத்தேன், ஆனால் கையோடு போன் எடுத்து, இது அந்த மாதிரி நோவில்லை என்றும் சொன்னேன். கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்றது வெளியே வளரும் எண்டோமெற்றியோசிஸ் உலகில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. வேர்க்கொம்பு அதை மாற்றாது. மணித்தியாலத்துக்கு ஒரு பாட் நனைந்தாலோ, காய்ச்சலோ நாற்றமோ இருந்தாலோ, நாள் தள்ளிப்போய் ஒரு பக்கம் குத்தினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். ஸ்கானில் தெரியாமலும் போகலாம் என்பதால், அவளிடம் ஒரு கொப்பி கொடுத்து இரண்டு மாதத்து நோவை எழுத வைத்தேன். செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கிளினிக். சித்திக்கு வயல் வேலை, அதனால் லீவு எழுதிக்கொடுத்துவிட்டேன், நான்தான் கூடப் போகிறேன்.